பலகை வண்டி

எனக்கு அந்த விளையாட்டு தெரியாது.
நான் ஓட்டுவது வண்டி. வண்டியின் முதுகில் ஒளிப்பலகை.
மணிக்கு இவ்வளவு என்று பேச்சு, டீசல் தனி.

டிசம்பர் பதினேழு. இல்சான். பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
ஹெரான்ஸ் அணியின் கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில்
ஒன்பதரைக்கு நிறுத்திப் பலகையை எரியவிட்டேன்:

*எங்கள் கைதட்டலுக்கு வட்டி எத்தனை சதவீதம்?*

பையன் வங்கிக்குப் போகிறானாம்,
அதாவது வங்கி பணம் போடும் அணிக்கு.
மூன்று வருடமாக அவன் நெஞ்சில் இருந்தது
பொரித்த கோழிக்கடையின் மஞ்சள் சேவல்.
பெயர் பியோ கியூவோன், வயது இருபது.
திரையில் அவன் பெயர் டோங்ஜி;
வருடத்தின் மிக நீண்ட இரவு என்று அர்த்தம்.
மாதக் கடைசிவரை பழைய விடுதிதான்:
ஐந்தாம் மாடி, சாம்பல் நிறத் திரைச்சீலை.

காசு போட்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
கணக்கு வைத்திருப்பவள் கில் யேரிம்,
பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை.
நோயாளிகளுக்கு நடுவே ரகசியக் குரலில் கூப்பிடுவாள்.
பத்து மணிக்கு, "துரோகி என்று கீழே சேருங்கள்."
பத்தேகாலுக்கு, "எடுத்துவிடுங்கள்."
பதினொன்றுக்கு வாக்கெடுப்பு நடந்து
மறுபடி சேர்த்தார்கள், சிறிய எழுத்தில்.
சிறிய எழுத்தில் திட்டுவதை
அன்றுதான் பார்த்தேன்.

பாங் என்று ஒரு ஆள் நேரிலேயே வந்தார்,
சரக்கு லாரி ஆபீசில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை.
டோங்ஜி பெயர் போட்ட சட்டையை
என் பக்கக் கண்ணாடியில் கட்டிவிட்டார்.
பெயரைக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்,
சேவல் அப்படியே இருந்தது.
"கடை என்ன பாவம் செய்தது?" என்றார்.
குளிரில் சட்டை அரை மணியில் பலகையாக விறைத்தது.

என் கதவிலும் ஒரு கம்பெனிப் பெயர் உண்டு,
ஓரத்தில் பழைய கம்பெனியின் கோந்துத் தடம்.
மாதம் இரண்டு லட்சம் வோன் கூடுதல் என்றார்கள், வந்தேன்.
பழைய முதலாளி ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தனுப்பினார்.
யாரும் வண்டி நிறுத்தவில்லை.
நிறுத்தியிருந்தாலும்
நானே ஓட்டி வந்திருப்பேன்.

ஒன்றரை மணிக்குப் பையன் இறங்கி வந்தான்.
செருப்பு, சாக்ஸ், மேலே பெரிய குளிர்ச்சட்டை.
மூலைக் கடையில் எதையோ வாங்கிக்கொண்டு
சாலையைக் கடந்து பலகைக்கு முன்னால் நின்றான்.
மேல் வரி. கீழ் வரி.
கீழ் வரிக்குக் கொஞ்சம் குனிந்தான்.
பிறகு என் ஜன்னலைத் தட்டினான்.

"போன ஏப்ரலில் காபி வண்டி கொண்டுவந்தது
நீங்கள்தானே?"

நான்தான். இதே பலகை, அதே முந்நூறு பேர்.
*பிறந்தநாள் வாழ்த்து, எங்கள் நீண்ட இரவே.*
இரண்டு கையாலும் நீட்டினான், சூடான டப்பா காபி.
வலது மணிக்கட்டில் மரத்தோல் நிறத்தில் பட்டை.
நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டான்.

ஐந்தரைக்கு யேரிம் கேட்டாள், "பார்த்தானா?"
"முழுக்கப் படித்தான்."
ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் எங்கோ
பல் குடையும் இயந்திரம் கிர்ரென்றது.
"எப்படி இருந்தான்?"
"கையில் பட்டை போட்டிருந்தான்."
"எந்தக் கை?"
"வலது."
"அய்யோ, இறுதிப் போட்டியில் போனது இன்னுமா..."
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, வைத்துவிட்டாள்.

கட்டிய பணத்தில் இருபது நிமிடம் மீதி இருந்தபோது
புதிய வரி வந்தது. வாக்கெடுப்பு இல்லை.
ஏற்றினேன்.
இருட்டிய தெருவில், விறைத்த சேவலுக்கு மேலே,
ஐந்தாம் மாடித் திரைச்சீலைவரை வெளிச்சம் விழ:

*தூங்கும்போது பட்டையைக் கழற்றாதே.*

கீழே அந்தச் சிறிய எழுத்தை
எடுக்கச் சொல்ல மறந்துவிட்டாள்.
நானும் கேட்கவில்லை.